பொருளாளராகப் பொறுப்பேற்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவின் ஸ்தோத்திரங்கள். மெல்பர்னில் நீங்கள் கூடும் தமிழ்ச் சபைக்கு உன்னைப் பொருளாளராகத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்று கேட்டபோது உன் அப்பா இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதே மூச்சில் நீ சொன்ன இன்னொரு செய்தி இரண்டு நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. இருவர் ஒப்புதல் அளித்தால்தான் சபையின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகும் என்றும், போதகர் அடிக்கடி வெளியூர் ஊழியத்துக்குப் போவதால் உன் கடவுச்சொல்லையும் தன்னிடமே கொடுத்துவைக்கும்படி கேட்கிறார் என்றும், அவரிடம் காரணம் கேட்பது மரியாதையாக இராது என்று நீ தயங்குவதாகவும் சொன்னாய். தொலைபேசியில் எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 2010 மே மாதக் கடைசியில், பணமோசடிக் குற்றங்களை விசாரிக்கும் வர்த்தக விவகாரத் துறை அதிகாரிகள் நம் சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் அலுவலகத்துக்குள் நுழைந்த செய்தி உனக்கு நினைவிருக்கும். உன் தோழிகள் சிலர் அந்தச் சபைக்குப் போனதால் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட அதைப் பற்றிப் பேசத் தயங்கினோம். இப்போது பேசியாக வேண்டும், ஏனென்றால் அந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் பட்டது, மற்றவர்கள் அதிகம் பேசிய போதகர் கோங் ஹீயின் கதை அல்ல.

நடந்தது இதுதான். கட்டடம் கட்டுவதற்கென்று மக்கள் வாக்குக் கொடுத்து, மாதாமாதம் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்த நிதி அது. போதகரின் மனைவி பாடகியாக உலகப் புகழ் பெற்றால் அதன் வழியே சுவிசேஷம் பரவும் என்று சொல்லி, அவருடைய இசைத்தட்டுச் செலவுக்கு அந்தப் பணத்தைத் திருப்பினார்கள். நேரடியாகக் கொடுக்கவில்லை. தங்கள் பேச்சைக் கேட்டு நடக்கும் இரண்டு நிறுவனங்களின் கடன் பத்திரங்களைச் சபை வாங்கியது போலக் கணக்கு எழுதி, முதலீடு என்று பெயரிட்டார்கள். அப்படிப் போனது 2 கோடியே 40 லட்சம் வெள்ளி. தணிக்கையாளர்கள் அந்தப் பத்திரங்களைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கியதும், அவற்றைக் கணக்கிலிருந்து துடைப்பதற்காக மேலும் 2 கோடியே 60 லட்சம் வெள்ளியைச் சபையிலிருந்து எடுத்து, பல கைகள் வழியாகச் சுற்றவிட்டு, கடன் திரும்பி வந்துவிட்டது போலச் சபைக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பணத்தை யாரும் தன் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை என்று மேல்முறையீட்டில் நீதிபதிகளே ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் கொடுத்தவர்களுக்குச் சொன்ன காரியம் ஒன்று, செய்த காரியம் வேறொன்று என்பதால் அது நம்பிக்கை மோசடியாகவே நின்றது. 2015-இல் கோங் ஹீக்கு விதிக்கப்பட்ட 8 ஆண்டுச் சிறை 2017-இல் மூன்றரை ஆண்டாகக் குறைந்தது. எனக்கு அதில் மனக்குறை உண்டு, ஆனால் அது சட்டத்தின் சிக்கல்.

நான் சொல்ல வந்தது அவரோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்ட மற்ற ஐந்து பேரைப் பற்றி. அவர்களில் இருவர் சபையின் நிதி மேலாளர்களாக வேலை பார்த்த பெண்கள். மேடையில் நின்று பிரசங்கித்தவர்கள் அல்லர், கைதட்டு வாங்கியவர்கள் அல்லர். முதல் தீர்ப்பில் ஒருவருக்கு 5 ஆண்டு, மற்றவருக்கு 21 மாதம். மேல்முறையீட்டில் அது இரண்டரை ஆண்டாகவும் 7 மாதமாகவும் குறைந்தாலும் இருவரும் சிறைக்குப் போனார்கள். போதகர்மேல் வைத்திருந்த நம்பிக்கை அவர்களைக் காப்பாற்றவில்லை. உன்னைப் பொருளாளர் என்று நீ சொன்ன நொடியில் எனக்கு அந்த இருவரின் முகங்கள்தாம் நினைவுக்கு வந்தன.

இன்னொன்றையும் மறந்துவிடாதே. 2003-இலேயே அந்தச் சபையின் உறுப்பினர் ஒருவர் பாடகியின் வளர்ச்சிக்குச் சபைப் பணம் செலவாவதைப் பற்றி வெளிப்படையாகக் கேட்டார். கடைசியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டவர் அவர்தான். அன்றைக்கே பத்துப் பேர் அவரோடு எழுந்து நின்றிருந்தால் எத்தனை குடும்பங்கள் அழாமல் இருந்திருக்கும்!

இதை அயலார் வீட்டுக் கதையாக நான் சொல்லவில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. நீ பிறப்பதற்கு முன், நாங்கள் அப்போது போய்க்கொண்டிருந்த சபையில் கூரை மாற்ற நிதி திரட்டினோம். நான் துணைப் பொருளாளர். சபைத் தலைவர் கேட்டார் என்று நான்கு வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஆண்டுக் கணக்கு எழுதும்போதுதான், அவற்றில் மூன்று அவருடைய மைத்துனரின் நிறுவனத்துக்கு ஆலோசனைக் கட்டணமாகப் போயிருப்பது தெரிந்தது. கேட்கப் போனேன். அவர் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, அபிஷேகம் பண்ணப்பட்டவர்களுக்கு விரோதமாகப் பேசுவது குடும்பத்துக்கு ஆகாது என்றார். நான் அப்போது உன்னைச் சுமந்துகொண்டிருந்தேன், மகளே. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். மூப்பர்களும் சபையின் பெயர் கெடும் என்று புகார் செய்யாமல் விட்டார்கள், அவர் வெளிநாடு போய்விட்டார். கூரைக்கு மறுபடியும் நிதி திரட்டினோம். முதல் முறை தன் வளையலை விற்றுக் கொடுத்த ஒரு விதவைப் பாட்டி, இரண்டாம் முறை பத்து வெள்ளித் தாளை நான்காக மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இரண்டு ரசீதுகளையும் எழுதியவள் நான்தான். முதல் பணம் எங்கே போயிற்று என்று அவர் கேட்கவே இல்லை.

காரணம் கேட்பது விசுவாசக் குறைவு என்று உன்னிடம் யாராவது சொன்னால், பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப் பணத்தைத் தனியாக எடுத்துச் செல்லவில்லை என்று சொல். யாரும் தன்மேல் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதற்காக, சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்ட சகோதரரையும் தன் உடன் ஊழியரான தீத்துவோடு அனுப்பினார். அப்போஸ்தலருக்கே தேவைப்பட்ட சாட்சி உங்கள் போதகருக்கும் தேவைப்படும். அவர் நல்லவராகவே இருக்கலாம். நல்லவர் என்றால் இரண்டாவது கண் அவருக்கும் பாதுகாப்பு என்பதைப் புரிந்துகொள்வார்.

கடவுச்சொல்லைக் கொடுக்காதே. வெளியூர் செலவுக்குக் குழு தீர்மானித்த ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்து, திரும்பி வந்ததும் ரசீதுகளை வாங்கிக் கோப்பில் வை. வங்கி அறிக்கை உனக்கு நேரடியாக வர வேண்டும். எந்த நோக்கத்துக்காக வாங்கிய நிதியோ அந்த நோக்கத்தைத் தவிர வேறெதற்கும், கடனாகவோ முதலீடாகவோகூட, உன் ஒப்புதலோடு ஒரு காசும் போகக் கூடாது. மறுத்தால் பதவி போகும் என்றால் போகட்டும்.

சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிடு. போன ஆண்டின் தணிக்கை அறிக்கையைக் கையில் வைத்துக்கொள். என் மூக்குக் கண்ணாடியை மாற்றிவிட்டேன், எண்கள் நன்றாகத் தெரிகின்றன. ஒவ்வொரு வரியாக நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா