ஆண்கள் ஐக்கிய சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் – 2025 மார்ச்)

மதிப்பிற்குரிய சேகரகுரு அவர்களே, தலைவர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தினர்களே, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். வராத அங்கத்தினர்களுக்காக இந்த அறிக்கை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும்.

இந்த ஆண்டு 11 மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் காரணமாகக் கூட்டம் இல்லை. ஆண்கள் ஞாயிறு ஆராதனையை நடத்தினோம். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்தில் பரிமாறினோம். கல்லறைத் தோட்டம் இருமுறை சுத்தம் செய்யப்பட்டது.

இனி காலை நடைக்குழு. சென்ற பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழிந்தவன் நான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முந்தைய 2 ஆண்டுகளில் 60 வயது நிறையாத 4 அங்கத்தினர்களை அடக்கம் செய்தோம். நாலு வீட்டிலும் போய் ‘கர்த்தருக்குச் சித்தம்’ என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர்களில் 3 பேருக்குச் சர்க்கரை இருந்ததும், மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தியிருந்ததும் நமக்குத் தெரியும். அதை யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. 34 வருடம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதியவன் நான், என்னுடைய சங்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது உறுத்தியது.

திட்டத்தைச் சொன்ன அன்றே ஒரு மூத்த அங்கத்தினர் வேதத்தைத் திறந்து 1 தீமோத்தேயு 4:8ஐ வாசித்தார்: “சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது.” அதோடு நிறுத்திக்கொண்டார். கூட்டமும் சிரித்தது. அந்த அண்ணாச்சிக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறேன். அற்ப பிரயோஜனம் என்றால் பிரயோஜனம் இல்லை என்று அர்த்தமல்ல. தேவபக்திக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அற்பம், அவ்வளவுதான். டீக்கடைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது அற்பமல்ல. அந்த வசனத்தை எழுதிய பவுல் என்ன செய்தார்? அப்போஸ்தலர் 20:13ஐப் பாருங்கள். துரோவாவிலிருந்து ஆசோ பட்டணத்துக்குக் கூட வந்தவர்கள் எல்லாரும் கப்பலில் போகிறார்கள். இவர் மட்டும் கரைவழியாய்ப் போகிறார். சுமார் 30 கிலோமீட்டர். கப்பல் இருந்தும் கரையில் போனவர் அவர்.

இன்னொருவர், உடற்பயிற்சி உலகக் காரியம், சபைக்கு எதற்கு என்றார். நான் படித்த நந்தனம் உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கியவர் ஹாரி குரோ பக். தொடங்கியது கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. சார்பில். கூடைப்பந்து 1891இலும் கைப்பந்து 1895இலும் பிறந்தது அதே ஒய்.எம்.சி.ஏ. கூடங்களில்தான். சரி, அது வேறு கதை.

ஜூன் மாதம் 27 பேர் பெயர் கொடுத்தார்கள். ஆலய வளாகத்தை நானே டேப் பிடித்து அளந்தேன். ஒரு சுற்று 240 மீட்டர். அரை மணி நேரத்தில் 10 சுற்று, வாரம் 5 நாள். வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இப்படிச் சரியாக வந்துவிடும். காலை 5 மணி என்று வைத்தேன். இரண்டாவது வாரம் 9 பேர். மூன்றாவது வாரம் நானும் வாட்ச்மேனும்.

தப்பு என்னுடையதும்தான் என்று பிறகு புரிந்தது. புதிதாக ஒரு நேரத்தை உண்டாக்கிக்கொள் என்று சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். ஏற்கெனவே இருக்கிற பழக்கத்தோடு முடிச்சுப் போட வேண்டும். நம் வீடுகளில் காலை ஜெபம் விட்டுப்போவதில்லை. ஆகவே ஜெபம் முடிந்த கையோடு செருப்பை மாட்டி 5.30க்கு வந்தால் போதும், முதல் மாதம் 4 சுற்று போதும் என்று மாற்றினேன். ஆண்டவர் சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பியது போல ஜோடியும் சேர்த்தேன். ஒருவர் வராவிட்டால் மற்றவர், வராதவர் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட வேண்டும். இதற்குப் பயந்தே 16 பேர் தொடர்ந்து வந்தார்கள். நவம்பர் மழையில் எல்லாம் கரைந்து, ஜனவரியில் 10 பேரோடு மறுபடி தொடங்கினோம்.

இந்த நேரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மைப் பார்த்துச் செப்டம்பரில் தொடங்கினார்கள். மழை வந்ததும் ஹாலுக்குள் நடந்தார்கள். இன்று வரை 31 பேர். வருகைப் பதிவேடுகூட அவர்களிடம் கிடையாது.

ஆகஸ்டில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவர் வந்து பேசினார். கேட்டவர்கள் 14 பேர். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் உபவாசம் இருக்கும் சர்க்கரை நோயாளிகள் இன்சுலினையும் சில வகை மாத்திரைகளையும் வழக்கம் போல எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழே போய் மயங்கி விழலாம், முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள் என்று தெளிவாகச் சொன்னார். மார்ச் மாத உபவாச ஜெபத்தில் ஒருவர் மயங்கி விழுந்தார். அவர் அந்த 14 பேரில் இல்லை. நல்லவேளை, சீனித் தண்ணீரிலேயே தெளிந்துவிட்டார். எலியா சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு படுத்தபோது தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவும் விட்டான். சாப்பாடும் தூக்கமும் ஆவிக்குரிய காரியத்துக்கு வெளியே இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம், சுண்டல் விவகாரம். மாதக் கூட்டத்தில் கேசரி, வடைக்குப் பதிலாகச் சுண்டலும் சீனி போடாத சுக்குக் காபியும் என்று ஜூலையில் தீர்மானித்தோம். கைதூக்கியவர்கள் 38 பேர். அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் 19 பேர். தானியேலும் நண்பர்களும் 10 நாள் மரக்கறியில் இருந்தார்கள், நம்மால் மாதத்தில் ஒரு மாலை முடியவில்லை. ஆனால் “உன் வயிற்றிற்காகக் கொஞ்சம் திராட்சரசம்” என்ற வசனம் மட்டும் பலருக்கு மனப்பாடமாக இருக்கிறது.

வரவு செலவு: பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய எதிர்பார்த்தபடி, கையிருப்பு போதுமானது. எடை இயந்திரத்துக்கும் ரத்த அழுத்தக் கருவிக்கும் ஆன தொகையைப் பற்றிச் சிலர் ஆலய வாசலில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். பில் என்னிடம் இருக்கிறது. பேசியவர்களில் இருவர் அந்தக் கருவியில்தான் தங்களுக்கு அழுத்தம் இருப்பதையே கண்டுபிடித்தார்கள். மாதச் சந்தா 50 ரூபாய். 62 அங்கத்தினர்களில் முழு ஆண்டுக்கும் செலுத்தியவர்கள் 23 பேர். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

சேகரகுரு அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஆலயப் பணியாளருக்கும், மழையிலும் கேட்டைத் திறந்து வைத்த வாட்ச்மேனுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்க முன்வந்தால் பதிவேட்டையும் டேப்பையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். முன்வராவிட்டால் நானே தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் காலை ஜோடி இல்லாமல் இருப்பவர்களில் நானும் ஒருவன். என் ஜோடி இரண்டு மாதமாக வரவில்லை, அவர் வாசலில் நின்று கூப்பிட்டும் பார்த்துவிட்டேன். நாளை திங்கட்கிழமை. கேட் 5.20க்குத் திறந்திருக்கும். பொருளாளர் இப்போது ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இன்று மட்டும் கூட்டத்துக்குப் பின் வடை உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்