அக்காவைச் சாப்பிட வைத்த சிஸ்டருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். இரவில் தூங்குகிறாள். காலையில் தானே எழுந்து குளிக்கிறாள், பிள்ளைகளுக்குத் தலை வாரி விடுகிறாள். கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் எங்களைத் தெரிந்தவர்களுக்கு நடந்ததெல்லாம் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: அவளுக்கு மனநோய் வந்தது, கடுமையாக வந்தது, திருச்சூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், இப்போது தேறி வருகிறாள்.

எழுதட்டுமா என்று முதலில் அவளிடம்தான் கேட்டேன். "பேர் போடாம எழுது. ஆனா அந்த சிஸ்டரைப் பத்தி எழுதாம விட்டுராதே" என்றாள். எழுதி முடித்து வாசித்தும் காட்டினேன். அவள் எடுக்கச் சொன்ன வரிகளை எடுத்துவிட்டேன். சிஸ்டரும் தன் பெயர் வேண்டாம் என்றார், அதனால் அதுவும் இல்லை.

சிஸ்டர், இனி வருவது உங்களுக்கு.

நீங்கள் நைட் டூட்டிக்கு வந்த அன்று அக்கா சாப்பிட்டுப் பல வேளை ஆகியிருந்தது. சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று நம்பினாள். எங்கள் பக்கத்தில் இந்தப் பயத்துக்குத் துணை நிற்க ஆள் நிறைய உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 'மருந்து வெச்சுட்டாங்க' என்பார்கள், இந்தப் பக்கம் கேரளத்தில் 'கைவிஷம்' என்பார்கள். அவள் மெலிய ஆரம்பித்ததுமே, யாரோ எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள், போய் எடுத்துவிட்டு வாருங்கள் என்று வீடு தேடி வந்து சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களும் அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் அவளுடைய பயத்துக்கு ஊரே சாட்சி சொன்னது போல ஆகிவிட்டது.

வார்டில் கொடுத்த கஞ்சியும் பயறும் அவள் தொடவில்லை. கேண்டீனில் வாங்கி வந்ததைத் தள்ளிவிட்டாள். அம்மா வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய புளிச்சாதத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் குழாயடியில் போய்க் கையில் பிடித்துக் குடித்தாள். அவள் கண் முன்னால் நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினேன். "உனக்கு மாத்து மருந்து குடுத்திருப்பாங்க" என்றாள். மாமாவும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். எதற்கும் அசையவில்லை.

நீங்கள் வந்தீர்கள். கட்டிலுக்கு நேரே நின்று குனிந்து பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் பக்கவாட்டில் போட்டு, கதவுக்கும் அவளுக்கும் நடுவில் வராமல் உட்கார்ந்தீர்கள். "சேச்சி, பசிக்குதா?" என்று கேட்டீர்கள். ஏன் சாப்பிடவில்லை என்று அதுவரை எல்லோரும் கேட்டிருந்தோம். பசிக்கிறதா என்று கேட்டவர் நீங்கள்தான்.

"இதுல விஷம் இருக்கு" என்றாள்.

நீங்கள் சொன்ன பதிலை நான் அப்படியே மனதில் வைத்திருக்கிறேன். "எனக்கு அதுல விஷம் இருக்கறதாத் தெரியல. ஆனா உங்களுக்கு அப்படித் தோணும்போது சாப்பிடப் பயமாத்தான் இருக்கும். எதைச் சாப்பிட்டா பயம் இருக்காது? சொல்லுங்க, பாக்கலாம்."

அவள் வெகு நேரம் பேசவில்லை. நீங்களும் பேசவில்லை. நடுவில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினீர்கள். கடைசியில் அவள் சொன்னாள்: "மூடியிருக்கறது."

அப்புறம் நீங்கள் கொண்டுவந்தவை: ஓடு உடைக்காத அவித்த முட்டை இரண்டு, தோலோடு நேந்திரம்பழம், சீல் பிரிக்காத ஒரு பாட்டில் தண்ணீர். தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, "நான் அங்க எழுதிட்டு இருக்கேன்" என்று மேசைக்குப் போய்விட்டீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முட்டையைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினாள். கட்டில் கம்பியில் தட்டி, ஓட்டைத் துணுக்குத் துணுக்காக உரித்து, சாப்பிட்டாள். இரண்டாவதையும் உரித்தாள். அதை என் பக்கம் நீட்டி, "நீயும் பட்டினிதானே கிடக்கறே" என்றாள்.

என் அக்கா அந்த நோய்க்குள்ளேயும் அக்காவாகவே இருந்தாள் என்று எனக்குத் தெரிந்த நிமிடம் அது. நீங்கள் மேசையில் இருந்தீர்கள், இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

ஓட்டுக்குள் இருக்கும் முட்டையில் யாரும் எதையும் கலக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதற்கு முன் அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்ற வேண்டும். விஷம் இல்லவே இல்லை என்று வாதாடவும் இல்லை, ஆமாம் இருக்கிறது என்று தலையாட்டவும் இல்லை, கேலியாகவும் பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னீர்கள், அவளுடைய பயத்தை நம்பினீர்கள். பிறகொரு நாள் உங்களிடம் கேட்டபோது, "இது படிக்கும்போதே சொல்லிக்குடுத்ததுதான், எங்க வேலை" என்றீர்கள். வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்றுக்கொண்டதை, முப்பது கட்டில் இருக்கும் வார்டில், ராத்திரி ஒரு மணிக்கு, ஒருத்திக்காக நிறுத்தி நிதானமாகச் செய்வது எல்லோருக்கும் வராது.

அதை நீங்கள் அத்தோடு விடவும் இல்லை. 'ஓட்டோடு முட்டை, தோலோடு பழம், சீல் வைத்த தண்ணீர், தானே பிரிக்கட்டும்' என்று குறிப்பெழுதி, காலையில் டூட்டி மாறும்போது அடுத்த சிஸ்டரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போனீர்கள். அதனால் பகலிலும் அதே மாதிரி நடந்தது. முட்டையிலிருந்து பிரிக்காத ரொட்டி, பிஸ்கட் பாக்கெட், மூடி ஒட்டிய தயிர்க் கப் என்று மெல்ல மெல்ல நகர்ந்தது. பிறகு எல்லோருக்கும் வைத்திருந்த கஞ்சிப் பாத்திரத்திலிருந்து அவளே கரண்டி எடுத்து ஊற்றிக்கொண்ட நாள் வந்தது. அன்றைக்கு வார்டில் எல்லா சிஸ்டர்களும் அவளைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். எல்லோர் முகத்திலும் சந்தோஷம்.

மாத்திரைக்கும் இதே வழிதான். ஓலன்சபைன் என்று பெயரைச் சொல்லி, பட்டையை அவள் கையிலேயே கொடுத்தீர்கள். அவள் தேதியைப் படித்து, தானே பிய்த்து எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். அது வாயிலேயே கரைகிற மாத்திரை. தூக்கம் வரும், பசி கூடும், எடை ஏறலாம், சர்க்கரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை எங்களிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொன்னீர்கள். "மருந்து இவங்களுக்கு. அப்ப இவங்களுக்குத்தான் முதல்ல தெரியணும்" என்றீர்கள்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிற சில வீடுகளுக்கு இது தேவைப்படும். சாம்பாரில், காப்பியில், தெரியாமல் மாத்திரையைக் கலந்து கொடுத்துவிடுங்கள் என்று எங்களுக்கு யோசனை சொன்னவர்கள் பலர். சிஸ்டரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் குரல் அந்த ஒரு தடவைதான் கொஞ்சம் கண்டிப்பாக வந்தது. "சோத்துல ஏதோ கலக்கறாங்கன்னு பயப்படற ஆளுக்கு, நீங்க நிஜமாவே கலந்து குடுக்கப் போறீங்களா? ஒரு நாள் கண்டுபிடிச்சா அப்புறம் உங்க கையால பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க." வேறு விளக்கம் தேவையில்லை. எங்கள் வீட்டில் அது நடக்காது, இனி எப்போதும் நடக்காது. மாத்திரை வேண்டாம் என்று அக்கா அடம்பிடிக்கிற நாள் வந்தால் டாக்டரிடம் போவோம், அவளையும் கூட்டிக்கொண்டு, அவளுக்குத் தெரிந்து போவோம்.

மனநோய் வார்டு என்றால் கட்டிப்போடுவார்கள் என்றுதான் அம்மா பயந்தார். அவர் தலைமுறைக்கு ஏர்வாடி மறக்காது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் போனார்கள். 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டவே கூடாது என்கிறது. நோயாளிக்கோ வேறு ஆளுக்கோ அந்த நேரத்தில் ஆபத்து என்றால் மட்டும், தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் போகாமல் பிடித்துவைக்கலாம். சட்டப் புத்தகத்தில் இருப்பது வார்டில் நடக்க வேண்டுமென்றால் அதற்குக் கை வேண்டும், பொறுமை வேண்டும். அக்கா கத்திக்கொண்டு ஓடப் பார்த்த அன்று, சிஸ்டர் முதலில் எங்களை எல்லாம் வெளியே அனுப்பினார். டிவியை நிறுத்தினார். அவர் ஒருவர் மட்டும் பேசினார், அதுவும் தாழ்ந்த குரலில், சின்னச் சின்ன வாக்கியமாக. கையில் பிடிக்கவில்லை. அவள் நடந்தாள், அவரும் கொஞ்சம் தள்ளிக் கூடவே நடந்தார். வராந்தாவை எத்தனை தடவை சுற்றினார்களோ தெரியாது. அப்புறம் அவளே வந்து உட்கார்ந்தாள்.

டாக்டர்களுக்கு நன்றி. மருந்தைத் தேர்ந்தெடுத்தது அவர்கள்தான், அது இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. ஆனால் மருந்து முழுதாக வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகிறது. அந்த வாரங்களில் ஒரு மனுஷியைச் சாப்பிட வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, குளிக்க வைத்து, தூங்க வைத்து, மானத்தோடு அந்தப் பக்கம் கொண்டு சேர்ப்பது நர்ஸ்கள்தான் என்பதைக் கண்ணால் பார்த்தேன். பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக, அங்கே இருந்திராவிட்டால் எனக்கு இது தெரிந்திருக்காது.

இன்னும் எத்தனை பேர்! அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ராத்திரி, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-இல் பேசிய அம்மையார், பதற்றத்தில் நான் உளறியதை எல்லாம் கேட்டு, எங்கே போக வேண்டும், வண்டியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று தமிழில் சொல்லிக்கொடுத்தார். டிரைவர் அண்ணன் குதிரான் சுரங்கத்துக்குள் நுழையும் முன்பே வண்டிக்குள் விளக்கைப் போட்டு, "ரெண்டு நிமிஷம்தாங்க, அந்தப் பக்கம் வெளிச்சம்" என்று அக்காவிடமே சொன்னார். வாடகையில் பாதிக்கு மேல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பக்கத்துத் தோட்டத்து அத்தையும் அவர் மகனும் எங்கள் மாடுகளை ஒரு வேளை தவறாமல் கறந்து சொசைட்டியில் ஊற்றினார்கள். பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்ட டீச்சர், அடிக்கடி வந்து அம்மாவோடு உட்கார்ந்திருந்த ஆஷா சுகாதாரப் பணியாளர் சேச்சி, ஆஸ்பத்திரியில் எனக்குப் பொதிச்சோறு கொடுத்த வாலிபர் சங்கத்துத் தம்பிகள், அக்காவின் சிக்குப் பிடித்த முடியை வெட்டாமல் எண்ணெய் வைத்துப் பிரித்தெடுத்த அட்டெண்டர் அம்மா, பக்கத்துக் கட்டில்களின் பைஸ்டாண்டர்கள் என்று ஒருவர் விடாமல் எல்லோருக்கும் எங்கள் நன்றி. கோவில் பூசாரி ஐயாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. "திருநீறு நான் போடறேன், மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க" என்று அவர் சொன்னதால் எங்கள் வீட்டில் பல வாக்குவாதங்கள் நின்றன.

வீட்டுக்கு வந்து பார்க்க நினைப்பவர்கள் தாராளமாக வாருங்கள். அவளே காப்பி போட்டுத் தருவாள். நோயைப் பற்றி விசாரிக்க வேண்டாம், மாட்டைப் பற்றிப் பேசுங்கள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள். அவள் சாப்பிடும்போது மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள்.

நன்றாகிவிட்டது என்று மாத்திரையை விட்டுவிடுவதால்தான் பலருக்கு நோய் திரும்புகிறது என்று போகும்போது படித்துப் படித்துச் சொன்னார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கிளினிக்கில் மாதா மாதம் வாங்கிக்கொள்ள எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் போகிற ஒவ்வொரு மாதமும் நான் கூடப் போவேன். ஊரில் வேறு எந்த வீட்டுக்காவது இப்படி ஒரு துணை வேண்டுமென்றாலும் கூப்பிடுங்கள், வெட்கப்பட வேண்டாம், வருகிறேன்.

சிஸ்டர், கிளம்பும் அன்று மாமா கொண்டுவந்த நெய்யை நீங்கள் வாங்கவில்லை. விதி அப்படி என்றீர்கள், சரி. அதனால் அக்கா வேறொன்று முடிவு செய்திருக்கிறாள். இந்த மடலை மலையாளத்திலும் எழுதி, அடுத்த முறை திருச்சூர் வரும்போது உங்கள் நர்சிங் சூப்பிரண்டிடம் தானே கொடுக்கப் போகிறாளாம், உங்கள் பெயரோடு. அதற்கு மட்டும் மறுப்பு சொல்லாதீர்கள்.

குடும்பத்தார் அனைவர் சார்பாக,
தங்கை,
கொழிஞ்சாம்பாறை