ஈஸ்டர் பேச்சுக் குறிப்புகளைப் பற்றி, தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வாலிபர் கூட்டத்தில் இயேசுவின் உயிர்த்தெழுதலுக்கு வரலாற்று ஆதாரம் பற்றிப் பேச நீ எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தேன். ஆரம்பத்திலேயே டூரின் துணி, அதாவது இயேசுவின் உடலைச் சுற்றியது என்று சொல்லப்படும் துணி, வருகிறது. அதை எடுத்துவிடு. 1988-இல் ஆக்ஸ்ஃபோர்டு, சூரிக், அரிசோனா ஆய்வகங்கள் கார்பன் சோதனை செய்து, துணி 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்றன. அந்த முடிவை மறுப்பவர்கள் இன்றும் உண்டு. உன் பேச்சு ஏன் அந்த வழக்கில் போய் மாட்ட வேண்டும்? நாசரேத்துக் கல்வெட்டும் வேண்டாம். கல்லறையைக் கலைப்பவனுக்கு மரண தண்டனை என்று மிரட்டும் அந்தக் கல், காலிக் கல்லறைச் செய்தி கேட்டு ரோம் போட்ட ஆணை என்று வெகுநாள் பேசப்பட்டது. 2020-இல் பளிங்கைச் சோதித்தால், அது கிரேக்கக் கோஸ் தீவுக் கல்!

நீ தொடங்க வேண்டிய இடம் 1 கொரிந்தியர் 15:3-8. கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார் என்று சொல்லி, அவர் யார் யாருக்குத் தரிசனமானார் என்று அப்போஸ்தலன் பவுல் பட்டியல் போடும் இடம் அது. சுவிசேஷங்களில் முந்தியது எனப்படும் மாற்கே ஏறக்குறைய கி.பி. 70-ஐச் சேர்ந்தது. பவுல் இந்தக் கடிதத்தை எபேசுவிலிருந்து 54, 55 வாக்கில் எழுதிவிட்டார். அதிலும் ‘அடைந்தது’, ‘ஒப்புவித்தது’ என்ற இரண்டு சொற்களைப் பார். குரு சொல்லிக் கொடுத்ததை மாணவன் பாடம் பண்ணி அடுத்தவனுக்குச் சொல்லும்போது யூதர்கள் ஆளும் சொற்கள் அவை. அப்படியானால் அந்த வரிகள் கடிதத்தைவிடப் பழையவை. மனம் மாறி மூன்று வருஷம் கழித்து எருசலேம் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதாகவும், இயேசுவின் சகோதரன் யாக்கோபைக் கண்டதாகவும் கலாத்தியர் 1:18-19-இல் பவுல் எழுதுகிறார். பட்டியலில் பெயரோடு வரும் இருவரும் இவர்களே. சிலுவை மரணம் 30 அல்லது 33 என்று வைத்தால், இடைவெளி சில வருஷங்கள்தான். ஆனால் அந்த 15 நாளில்தான் இந்தப் பாடத்தைக் கற்றார் என்று அடித்துச் சொல்லாதே. பவுல் அப்படிச் சொல்லவில்லை, அது நம் ஊகம்.

இன்னொரு கண்ணி ‘தரிசனமானார்’ என்ற சொல்லில் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘ஓஃப்தே’, காணப்பட்டார் என்று பொருள். கேபா என்ற பேதுருவுக்கு, ஐந்நூறு பேருக்கு, யாக்கோபுக்கு, கடைசியாகப் பவுலுக்கு என்று நான்கு முறை வருகிறது. தமிழில் தரிசனம் என்றால் நேரில் பார்ப்பதும் உண்டு, கனவில் காண்பதும் உண்டு. “பவுல் கண்டது ஒளி, மற்றவர்கள் கண்டதும் அதுதானே?” என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து அவரும் ஜெயிக்க முடியாது, நீயும் முடியாது. அதே பாடம் அடக்கம்பண்ணப்பட்டதையும் மூன்றாம் நாளையும் சொல்கிறது. அதே அதிகாரம் 44-ஆம் வசனத்தில் ‘ஆவிக்குரிய சரீரம்’ என்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல். ஐந்நூறு பேர் விஷயத்தில் அடக்கி வாசி. நம் கையில் இருப்பது, ஐந்நூறு பேர் கண்டார்கள் என்று சொல்லும் ஒருவருடைய சாட்சி. சுவிசேஷங்களில் அந்த எண்ணிக்கை இல்லை.

காலிக் கல்லறையைப் பவுல் குறிப்பிடவே இல்லை. அங்கே சுவிசேஷங்கள்தான் துணை. போன பெண்களின் பெயர்களும் தூதர்களின் எண்ணிக்கையும் அவற்றில் ஒத்துப்போகவில்லை. ஆனால் பெண்களின் சாட்சி செல்லாது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிய சமூகத்தில், கதை கட்டுகிறவன் மகதலேனா மரியாளை முதல் சாட்சியாக வைப்பானா? பலமான கேள்விதான். கல்லறைக்குப் போவது அங்கே பெண்களின் வேலை, அதனால் அவர்களைச் சேர்த்தது இயல்பு என்ற பதிலும் உண்டு.

சிலுவையில் அறைந்தவர்களை ரோமர் அடக்கம் பண்ண விடமாட்டார்கள் என்று யாராவது சொன்னால், 1968-இல் எருசலேமின் வடக்கே கிடைத்த குதிகால் எலும்பைச் சொல். யெகோகானான் என்பவருடையது. சுமார் 11.5 செ.மீ. ஆணி குறுக்கே பாய்ந்திருக்கிறது. நுனி வளைந்துபோனதால் பிடுங்க முடியாமல், ஆணியோடேயே எலும்புப் பெட்டிக்குள் போயிருக்கிறது. சிலுவையில் செத்தவருக்கும் குடும்பக் கல்லறை கிடைக்கலாம் என்பதற்கு அது அத்தாட்சி. அதற்குமேல் அதை இழுக்காதே.

யோசேபஸின் ‘யூதப் பழமைகள்’ நூலின் 18-ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றிய பத்தியில் கிறிஸ்தவர்களின் கைச்சரக்கு கலந்திருக்கிறது. 20-ஆம் புத்தகத்தை எடு: கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு கல்லெறிந்து கொல்லப்பட்ட செய்தி, கி.பி. 62. யோவான் 7:5-இன்படி சகோதரர்கள் அவரை நம்பவில்லை. நம்பாத வீட்டிலிருந்து ஒருவர் எருசலேம் சபைக்குத் தலைவரானது எப்படி என்று கேள். உன் குறிப்புகளில் இது இல்லாதது எனக்கு ஆச்சரியம்.

வாசிப்புக்கு மாற்கு 16:9-20 போட்டிருக்கிறாய். 4-ஆம் நூற்றாண்டுச் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு 16:8-ஓடு நின்றுவிடுகிறது. விஷயம் தெரிந்த ஒருவர் எழுந்தால் பேச்சு அங்கேயே திசைமாறும். கொரிந்தியர் பகுதியையே வாசிக்கச் சொல், 11-ஆம் வசனத்தோடு நிறுத்தச் சொல்.

அன்புடன்,
அண்ணன்