தாஷ்கண்ட் ரஷ்யா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘சோவியத்திலிருந்து பிரிந்த நாடுகள் பள்ளிப் பாடநூல்களில் வரலாற்றைத் திரித்து, பிள்ளைகளுக்கு ரஷ்ய வெறுப்பை ஊட்டுகின்றன’ என்று சென்ற இதழில் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எண்பதுகளின் கடைசியில், இன்று உஸ்பெகிஸ்தானின் தலைநகரான தாஷ்கண்டில் பொறியியல் படித்தவன் நான். 1988இல் சோவியத் நாடு முழுக்கப் பள்ளி வரலாற்றுத் தேர்வையே ரத்து செய்தார்கள். பாடநூலை நம்பித் தேர்வு வைக்க முடியாது என்று அரசே ஒத்துக்கொண்ட நேரம். தாங்கள் அறியாததல்ல. என் விடுதி நண்பனின் தங்கை அந்த வருடம்தான் பள்ளி முடித்தாள். அவர்களுடைய தாத்தாவை 1937இல் ஸ்டாலின் ஆட்சியின் களையெடுப்பில் பிடித்துப் போனார்கள். மனிதர் திரும்பவே இல்லை. அவள் புத்தகத்தில் பருத்தி விளைச்சலும் ஐந்தாண்டுத் திட்டமும் பக்கம் பக்கமாக இருந்தன. தாத்தாவுக்கு நேர்ந்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. காதிரி, சோல்பான் என்ற உஸ்பெக் எழுத்தாளர்களை 1938 அக்டோபரில் சுட்டுக் கொன்றதும் அதில் இல்லை. விட்டுப்போன இவற்றை இன்று எழுதிச் சேர்ப்பது திரிப்பா? ஸ்டாலின் ஆட்சியில் லட்சக்கணக்கானோர் மடிந்த 1932-33 பஞ்சத்தை உக்ரைன் சொல்லித் தருவது வெறுப்பா? எஸ்தோனியப் பிள்ளைகள் படிக்கும், ஸ்டாலினும் ஹிட்லரும் அண்டை நாடுகளைப் பங்கு போட்டுக்கொண்ட 1939 ரகசிய உடன்பாட்டை மாஸ்கோவே 1989 டிசம்பரில் ஒப்புக்கொண்டதே!

அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. தாஷ்கண்டின் நடுவில் மார்க்ஸ் சிலை இருந்த இடத்தில் 1993இல் தைமூரைக் குதிரையில் உட்கார வைத்தார்கள். 1398இல் தில்லியைச் சூறையாடியவரைத் தேசத்தின் மூலவராக்கியது எனக்கும் உறுத்தல்தான். அதைக் கேட்டு எழுதியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் புடினின் உதவியாளர் மெதின்ஸ்கியும் கல்வியாளர் தொர்குனோவும் எழுதிய வரலாற்றுப் புத்தகம் 2023 செப்டம்பரில் ரஷ்யப் பள்ளிகளுக்கு வந்ததே, உக்ரைன் மீதான போரை நியாயப்படுத்தும் பாடத்தோடு! அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுத உங்களுக்கு மனம் வரவில்லை.

இது புதிதும் அல்ல. முன்பு கஜகஸ்தான் செய்திக்கு மாஸ்கோ செஞ்சதுக்கப் படத்தைப் போட்டீர்கள். கிர்கிஸ்தானில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளை ‘ரஷ்யாவில் படிப்பவர்கள்’ என்றீர்கள். இரண்டு முறையும் கடிதம் எழுதினேன். ஒரு பதில் அட்டைகூட வரவில்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அந்த வரிக்கு அடுத்த இதழில் சின்னதாக ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், இனி அந்த நாடுகளைப் பற்றி எழுதும்போது பக்கத்தில் ஒரு வரைபடமாவது வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி