வளவுத் தூணின் அடியைப் பார்

அன்புள்ள சரவணா,

கடிதமும் படங்களும் வந்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இங்கே எல்லாரும் நலம்.

அன்ரியல் எஞ்சினில் நீ செய்துவரும் செட்டிநாட்டு வீட்டின் 3டி மாடலைப் பெரிய திரையில் போட்டு நிதானமாகப் பார்த்தேன். முகப்பு வாசலில் நின்றால் வளவை (தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தை) தாண்டிப் பின்கட்டு வரை பார்வை நேராகப் போகிறது. அந்த வீடுகளின் உயிரே அதுதான், அதைப் பிடித்துவிட்டாய். நிலைக்கதவுச் செதுக்கலில் கைவைக்காதே, அப்படியே இருக்கட்டும்.

குறை, ஒரு பொருளும் இன்னொரு பொருளும் சேரும் இடங்களில்தான். வளவுத் தூணின் அடியைப் பெரிதாக்கிப் பார். தேக்கு, அடிக்கல், தரை மூன்றும் கத்தியால் வெட்டியதுபோல முட்டி நிற்கின்றன. அடிக்கல்லின் விளிம்பை அரை சென்டிமீட்டர் பெவல் செய்து (சாய்வாகச் சீவி), வெயிட்டட் நார்மல் (பெரிய முகங்களைத் தட்டையாகவும் விளிம்பை மென்மையாகவும் காட்டும் அமைப்பு) போடு. ஒளி அந்த விளிம்பில் மெல்லிய கோடாக விழும், கல்லுக்குக் கனம் வந்துவிடும். தரையிலுள்ள பூ தூணுக்கு அடியில் பாதியில் மறைவதும் உறுத்துகிறது. கொத்தனார் அப்படிப் பதிக்கமாட்டார், ஓரத்தில் பார்டர் கல் ஓட்டுவார். பார்டரைத் தனி மெஷ்ஷாகவே (தனி 3டி உருவமாகவே) வை.

தரையில் நீ பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அது சூளையில் சுடுகிற ஓடு இல்லை. கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, பிறகு தண்ணீரில் போட்டு இறுக வைப்பது. அதனால் ஒரு கல்லின் கோடு இன்னொன்றில் அச்சு அசலாக வராது. நீ ஒரே கல்லைத் தரை முழுக்க மறுபடி மறுபடி போட்டிருக்கிறாய். 2048 பிக்சல் டெக்ஸ்சரை (மேற்பரப்பில் ஒட்டும் படத்தை) நாலாகப் பிரித்து நாலு கற்களை வரை, மெட்டீரியலில் வேர்ல்ட் பொசிஷனை (காட்சியில் அந்தப் புள்ளி இருக்கும் இடத்தை, செ.மீ. கணக்கில்) 20ஆல் வகுத்து (கல் 20 செ.மீ. என்றால்), கட்டத்துக்கு ஒரு ரேண்டம் எண் எடுத்து நாலில் ஒன்றைப் பொறுக்கு. அப்போது கட்டத்தின் ஓரங்களில் மெல்லிய கோடு தெரியும். யூவி (படத்தின் எந்த இடம் எங்கே ஒட்டும் என்று சொல்லும் எண்கள்) அங்கே திடீரென்று குதிப்பதால் தவறான மிப் (படத்தின் சிறிதாக்கிய நகல்) எடுபடுகிறது, அதுதான் காரணம். வெட்டாத யூவியின் டிடிஎக்ஸ், டிடிஒய் மதிப்புகளை (பக்கத்துப் பிக்சலுக்கு யூவி எவ்வளவு மாறுகிறது என்பதை) கொடுத்து சாம்பிள் செய்தால் போய்விடும். வித்தியாசம் காட்டவென்று கல்லைச் சுழற்றாதே; நாலு கல் சேர்ந்து ஒரு பூவாகும் டிசைன் குலைந்துபோகும்.

தரை தண்ணீர் கொட்டினாற்போல மின்னுகிறதே, ரஃப்னஸ் டெக்ஸ்சரில் (சொரசொரப்பைச் சொல்லும் படம்; எண் குறைந்தால் பளபளப்பு கூடும்) எஸ்ஆர்ஜிபி டிக் (நிறப் படங்களுக்கான அமைப்பு) இருக்கிறதா பார். இருந்தால் நீ வரைந்த 0.5ஐ எஞ்சின் 0.21 என்று படிக்கும். டிக்கை எடுத்துவிட்டு, நடைபாதையில் மட்டும் மெருகைக் கூட்டு, சுவரோரம் மங்கலாக விடு. புழங்கப் புழங்க மெருகேறுகிற கல் அது.

இரண்டாம் கட்டு அறைமூலையில் ஒளி கசிவதற்குச் சுவர்தான் காரணம். 6 செ.மீ. கனம் லூமெனுக்கு (அன்ரியலின் ஒளி கணக்கிடும் முறைக்கு) போதாது, குறைந்தது 10 வேண்டும். அந்த வீட்டுச் சுவர்கள் நிஜத்தில் எவ்வளவு தடிமன்! 45 கொடுத்தால் கசிவும் நிற்கும், ஜன்னலுக்கு ஆழமும் கிடைக்கும். வளவு முழுவதையும் ஒரே மெஷ்ஷாக ஏற்றியிருக்கிறாய். சுவர், தரை, கூரை எனப் பிரித்துப் போடு. சர்ஃபேஸ் கேச் வியூவில் (லூமென் சேமித்து வைத்த மேற்பரப்புகளைக் காட்டும் பார்வையில்) இளஞ்சிவப்பாகத் தெரியும், அதாவது சேமிப்பில் சேராத இடங்கள் குறைகின்றனவா என்று பார்த்துக்கொள்.

உள்வாசலைக் கதாபாத்திரம் நுழைவதற்காக அகலமாக்கினாய் என்று எழுதியிருந்தாய். வேண்டாம், பழையபடி குறுகலாகவே விடு. அன்ரியலின் தேர்ட் பெர்சன் டெம்ப்ளேட்டில் கேப்ஸ்யூல் (கதாபாத்திரம் சுவரில் முட்டுவதைக் கணக்கிடும் உருளை) ஆரம் 42, அதாவது 84 செ.மீ. அகலம், அதை 28 ஆக்கினால் போதும். ஸ்டில் படங்களுக்குக் கேமராவை 155 செ.மீ. உயரத்தில் வைத்து, பார்வைக் கோணத்தை 90லிருந்து 55க்கு இறக்கு. வளவு இப்போது கல்யாண மண்டபம்போல நீண்டு தெரிகிறது.

இன்னொன்று. யாரிடம் காட்டினாலும் "எப்படி இருக்கு" என்று கேட்காதே, "சூப்பர்" என்றுதான் பதில் வரும். ஒரே கேமராவிலிருந்து முழுப் படம், லைட்டிங் ஒன்லி (ஒளி மட்டும்), வயர்ஃப்ரேம் (கம்பிக்கோடு மட்டும்) மூன்றையும், பார்த்துச் செய்த போட்டோவையும் சேர்த்து அனுப்பி, "தூண் தரையில் உட்கார்ந்திருக்கிறதா" என்று கேள். அளவு தெரிய ஓர் ஆள் உருவமும் படத்தில் நிற்கட்டும்.

தூணடியைத் திருத்தியதும் அந்த ஒரு மூலையை மட்டும் எனக்கு அனுப்பு. மற்றதை அப்புறம் பார்ப்போம்.

அன்புடன்,
கண்ணன்