லொஃபோட்டன் போகிறவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, வணக்கம். ஜூனில் வட நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளுக்குக் கிளம்புகிறவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நார்வேயின் நிலப்பகுதியில் உள்ள பூடோ நகரிலிருந்து லொஃபோட்டனின் மொஸ்கெனெஸ் துறைமுகத்துக்குக் கப்பலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். காரோடு போகிறவர்கள் இப்போதே முன்பதிவு செய்யுங்கள். அலை ஆட்டும், வாந்தி மாத்திரையும் கையில் இருக்கட்டும்.

ரைனேபிரிங்கன் மலையை விட்டுவிடாதீர்கள். உயரம் 448 மீட்டர்தான், ஆனால் செங்குத்து. நேபாளத்து ஷெர்பாக்கள் வந்து கட்டிய கற்படிகள் 2,000 அளவில் இருக்கின்றன. மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், அன்று ஏறவே வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே ரைனே ஊரில் நின்று பார்த்தாலே போதும், அவ்வளவு அழகு.

சாலை முடியும் இடத்தில் ஒரே எழுத்துப் பெயர் கொண்ட ஊர், 'ஓ'. அங்கே மரச்சட்டங்களில் காட் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிடுவார்கள். நம் கருவாடு மாதிரி உப்பு கிடையாது, குளிர்காற்றுதான் காயவைக்கிறது. தொட்டால் விறகுக் கட்டை போல இருக்கும். தலையைக்கூட வீணாக்காமல் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். ஜூனில் பெரும்பாலும் இறக்கிவிடுவார்கள், மே மாதம் போனால் கட்டாயம் பார்க்கலாம்.

நேரமிருந்தால் போர்க் ஊரில் வைக்கிங்குகள் எனப்படும் பழங்காலக் கடலோடிகளின் 83 மீட்டர் நீள வீட்டைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், அதையும் பார்க்கலாம்.

அப்புறம், இரவிலும் சூரியன் மறையாது, பிள்ளைகளுக்குக் கண்மறைப்புத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரே நல்லது. கூடாரம் போட்டால் வீடுகளிலிருந்து 150 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள், தயவுசெய்து.