ஈ, தா, கொடு

தம்பிக்கு அப்பச்சி எழுதுவது.

ஆத்தாவுக்கு முழங்கால் தேவலை. இரண்டாங்கட்டில் ஒழுகிய இடத்துக்கு ஓடு மாற்றியாயிற்று. பிள்ளையார் நோன்புக்குச் சிங்கப்பூரிலேயே இழை எடுத்தாயா? வேளைக்குச் சாப்பிடு. கார்டில் கடன் வாங்காதே.

போன வாரம் உன் மகள் போனில் ஒரு சந்தேகம் கேட்டாள். உதவி கேட்க 'தா' சரியா, 'கொடு' சரியா என்று. முப்பது வருஷம் இலக்கணம் நடத்தியவனிடம் கேட்டால் விடுவேனா? தொல்காப்பியர் பிரித்ததைச் சொன்னேன்: தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', ஒத்தவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். "அப்பா உங்ககிட்ட கேட்டா எது ஐயா?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள், "ஆனா அப்பா யாருகிட்டயும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்று அவளே முடித்துவிட்டாள்.

புது வீட்டில் மேஜைக்கு இடமில்லையாம், கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறாளாம். வீடு மாறியதை நீ சொல்லவில்லை. சரி, வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய்.

2008-இல் மேற்படிப்புக்குக் கேட்டாய், தந்தேன். தந்த கையோடு பேரேட்டில் உன் பெயரில் பற்று எழுதினேன். பழக்கம், நம் வீட்டில் கோயில் விளக்கு எண்ணெய்க்கும் பற்று உண்டு. நீ அதைப் பார்த்துவிட்டாய். மூன்றே வருஷத்தில் வட்டியோடு அனுப்பினாய். ஊரணிக் கரையில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் பெருமை பேசினேன். ஆத்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இல்லாதவனுக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை என்று 221-ஆம் குறளை எத்தனை வகுப்பில் நடத்தியிருப்பேன்! படியால் அளந்து வாங்கின அரிசியை அதே படியால் திருப்பி அளப்பது குறியெதிர்ப்பை. அதில்கூட வட்டி கிடையாது. பெற்ற பிள்ளையிடம் வட்டி வாங்கி வரவு வைத்தவன் நான். அதையாவது திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

கார்டில் மட்டும் வாங்காதே தம்பி. வட்டித் தொழில் பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளை அப்பனிடம் கேட்பது இலக்கணப்படி 'ஈ' என்றுதான் வரும். ஐயா 'தா' என்றே எழுதச் சொன்னதாக அவளிடம் சொல். மார்க் குறைந்தால் குறையட்டும்.

பேரேட்டை ஆத்தா எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் கோயிலுக்குப் போய்விடுவாள். போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அப்பச்சி